தைராய்டு நோயும் இரும்பு, வைட்டமின் சோதனைகளும்: அறிக்கையைச் சேர்த்துப் படிப்போம்

தைராய்டு மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டும் களைப்பு நீங்கவில்லை, முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கூறி நம் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலர். அவர்களுள் சிலர் மாத்திரையின் அளவைக் கூட்டித் தருமாறு கேட்கின்றனர். வேறு சிலர் பயனில்லை என்று கருதி மாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர். தேவைக்கு மேற்பட்ட தைராக்ஸின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். எலும்பையும் மெலியச் செய்யும். மாத்திரையை நிறுத்தினாலோ நோய் மீண்டும் தலைதூக்கும். இக்குறிகளுக்கு இரும்புச்சத்து அல்லது வைட்டமின் குறைவும் காரணமாகலாம். ஆதலின் சோதனை அறிக்கையில் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன?

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. இவ்வளவு பரவலான இரு குறைகள் ஒருவரிடமே அமைவது வியப்பன்று.

அவற்றிடையே நேரான தொடர்பும் உண்டு. தைராய்டு சுரப்பி தன் நீரைச் சுரக்கப் பயன்படுத்தும் நொதிக்கு இரும்பு தேவை. சுரப்புக் குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு மிகுந்து இரும்பு வெளியேறலாம். மேலும், உடலின் எதிர்ப்பாற்றல் தைராய்டைத் தாக்கும் சிலரிடம் அதே ஆற்றல் இரைப்பையையும் தாக்குகிறது. அப்போது இரும்பும் பி12-உம் சரிவர உறிஞ்சப்படுவதில்லை.

ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும்

ஹீமோகுளோபின் கையிலுள்ள செலவுப் பணம் போன்றது. ஃபெரிட்டின் சேமிப்புக் கணக்கைக் காட்டுவது. சேமிப்பு முதலில் கரையும். கைப்பணம் பின்னர்தான் குறையும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம், கருவுற்றோருக்குப் பொதுவாக 11 கிராம் என்ற அளவுக்குக் கீழே சென்றால் இரத்தசோகை எனப்படும். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழிருந்தால் இரும்புச் சேமிப்புத் தீர்ந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஒருவரது அறிக்கையில் டி.எஸ்.எச். 2.8, ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 9 என உள்ளதாகக் கொள்வோம். தைராய்டு மாத்திரை போதுமான அளவில் உள்ளது. இரத்தசோகையும் இல்லை. ஆயினும் சேமிப்பு வறண்டுவிட்டது. களைப்புக்கு அதுவே காரணமாகலாம். இவருக்குத் தைராய்டு மாத்திரையைக் கூட்டுவது தவறான மருத்துவமாகும்.

ஃபெரிட்டின் இயல்பாக இருந்தாலும் முழு நிம்மதி கொள்ளலாகாது. காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் நோய் ஆகியவற்றில் அது பொய்யாக உயரும். அத்தகைய வேளையில் மருத்துவர் டிரான்ஸ்ஃபெரின் செறிவு போன்ற பிற சோதனைகளையும் கேட்பார். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைவு காணப்பட்டால், மாத்திரை தருவதோடு நிற்காமல் குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று ஆராய்வது இன்றியமையாதது.

பி12, வைட்டமின் டி

பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழிருந்தால் குறைவு. 200 முதல் 300 வரை ஐயத்துக்குரிய எல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோரும், நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை உண்போரும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இரும்புக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுக்கும். பி12 குறைவில் பருக்கும். இரண்டும் சேர்ந்தால் அணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். பி12 குறைவை அறியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால் இரத்தம் தேறுவதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ தொடரும். கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம் இருப்பின் உடனே தெரிவியுங்கள்.

வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைவாகக் கருதப்படும். 60,000 அலகு மாத்திரை வாரம் ஒருமுறை, குறித்த வாரங்களுக்கு மட்டுமே உரியது. அதை நாள்தோறும் விழுங்குவது நஞ்சாக முடியும்.

மாத்திரைகளுக்கு இடையே நேரம்

மற்றோர் அறிக்கை: சென்ற முறை டி.எஸ்.எச். 3, இம்முறை 9. இடையில் நேர்ந்த மாற்றம், இரும்பு மாத்திரை தொடங்கியது மட்டுமே. இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்கினால், இரும்பு தைராக்ஸினைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும். கால்சியமும் அவ்வாறே. எனவே தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தேநீருக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர், தண்ணீருடன் மட்டும் உட்கொள்க. அதற்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே 4 மணி நேரம் இருத்தல் வேண்டும். நேரத்தைச் சீர்செய்து, 6 முதல் 8 வாரங்கள் கழித்து மறுசோதனை செய்தால் உண்மை விளங்கும்.

கருவுற்ற தாய்மார் இதில் மிகுந்த விழிப்புடன் இருக்க வேண்டும். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையும் கால்சியமும் அவர்களுக்கு அரசால் வழங்கப்படுகின்றன. மூன்றில் ஒன்றையும் விடலாகாது; ஒருசேர விழுங்கவும் கூடாது. விடியலில் தைராய்டு, நண்பகல் உணவுடன் கால்சியம், இரவில் இரும்பு எனப் பிரித்துக்கொள்ளலாம். கால்சியம் இருவேளை எனில் செவிலியரிடம் நேரம் குறித்து வாங்குங்கள். கருவுற்ற காலத்தில் டி.எஸ்.எச். எல்லைகளும் வேறு என்பதை நினைவிற்கொள்க.

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குச் செல்வோருக்கும், எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி பார்ப்போருக்கும் ‘காலை 6 மணி’ என்ற விதி பொருந்தாது. உறங்கி எழும் வேளையிலோ, கடைசி உணவுக்குக் குறைந்தது 3 மணி நேரம் கழித்து உறங்கச் செல்லுமுன்னோ உட்கொள்ளலாம். எந்த வேளையாயினும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். டி.எஸ்.எச். இரவில் உயரும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், அன்றைய மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுங்கள்.

முடி வளர்ச்சிக்கென விற்கும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின், சில ஆய்வக முறைகளில் தைராய்டு முடிவுகளைப் பிறழக் காட்டும். சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன் அதை நிறுத்தி, மருத்துவரிடமும் கூறுங்கள்.

உணவும் மருந்தும்

செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்க்கப்படுகின்றன. அதைக் கழுவிக் கழுவி நீரை வடிப்பதைக் குறைக்கலாம். நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் பி12 தருவன. மத்தியில் வைட்டமின் டி-யும் உண்டு. கீரையுடனும் பயறுடனும் எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். மருத்துவர் விலக்கினாலன்றி அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் வறண்ட சேமிப்பை உணவு மட்டும் விரைவில் நிரப்பாது. ஹீமோகுளோபின் தேறிய பின்னும் சுமார் 3 மாதம் இரும்பு மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

அடுத்த முறை வரும்போது பழைய அறிக்கைகளையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், அவற்றை விழுங்கும் நேரம் எழுதிய தாளையும் கொண்டுவாருங்கள். நெஞ்சு வலியோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ, மயக்கமோ ஏற்பட்டால் அந்த நாள்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.