வேலைநாள் இராப்போசனம்: கொழுப்பைக் குறைத்துச் சுவையைக் காத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – மனைப்பொருளியல்
உணவுத் திட்டமிடலும் தயாரித்தலும்
எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் உணவு: வான்கோழி இறைச்சி

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• இறைச்சியில் கொழுப்பு அமைந்துள்ள இடங்களைக் குறிப்பிடுவீர்கள்.
• ஒருவருக்குக் கிடைக்கும் கொழுப்பின் அளவைக் கணித்துக் காட்டுவீர்கள்.
• கொழுப்புக் குறைந்த இறைச்சி வரண்டு போவதற்கான காரணத்தை விளக்குவீர்கள்.
• நால்வருக்கான இராப்போசனம் ஒன்றைத் திட்டமிட்டுப் பாதுகாப்பாகத் தயாரிப்பீர்கள்.

1. அறிமுகம்

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு அல்லது குருதியில் கொலஸ்திரோல் அதிகம் என வைத்தியர் கூறியதும், அவருக்கெனத் தனியாக ஒரு கறி சமைக்கப்படுகிறது. எண்ணெயும் இல்லை, சுவையும் இல்லை. சில நாட்களில் அவர் அந்த உப்புச்சப்பில்லாத கறியை வெறுத்து, மற்றவர்களின் சட்டியிலிருந்தே பரிமாறிக்கொள்வார். திட்டம் அத்துடன் முடிந்துவிடும். ஆகவே குடும்பம் முழுவதும் விரும்பி உண்ணக்கூடிய ஒரே சட்டி உணவே சிறந்த திட்டமாகும்.

"கொழுப்புக் குறைந்த உணவொன்றைத் திட்டமிடுக" என்ற வினாவிற்குப் பல மாணவர் "எண்ணெயைக் குறைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். இது பாதி விடையே. கொழுப்பைக் குறைத்தபோது இழந்த ஈரத்தையும் மணத்தையும் எவ்வாறு ஈடுசெய்வது என்பதே மறுபாதி. இதனை வான்கோழி இறைச்சியைக் கொண்டு விளக்குவோம். கொழுப்பு மிகக் குறைந்த நெஞ்சுப் பகுதியும் அரைத்த இறைச்சியும் இதில் கிடைப்பதால், சமையலில் விடும் சிறு தவறும் உடனே தெரியவரும்.

2. வான்கோழி – ஒரு குறிப்பு

வான்கோழி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பறவை. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் இதனை வீட்டுப் பறவையாக வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றி தெரிவிக்கும் நாளின் முதன்மை உணவு முழு வான்கோழியாகும். அந்நாளை நிர்ணயித்த சட்டம் 1941 இல் நிறைவேற்றப்பட்டது.

முழுப்பறவை வேலைநாளுக்குப் பொருந்தாது. உறைந்த பறவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக்குவதற்கு ஏறத்தாழ ஒவ்வொரு 2 கிலோகிராமுக்கும் ஒரு நாள் தேவை. எனவே அமெரிக்க இல்லங்களில் வேலை முடிந்து வந்து சமைக்கும் இராப்போசனத்திற்கு நெஞ்சிறைச்சித் துண்டங்களும் அரைத்த வான்கோழி இறைச்சியுமே பயன்படுகின்றன. அரைத்த மாட்டிறைச்சிக்குப் பதிலாக இதனைச் சேர்ப்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

3. கொழுப்பு எங்கே உள்ளது?

தோல் நீக்கிச் சமைத்த 100 கிராம் இறைச்சியில் (அண்ணளவாக):

நெஞ்சுப் பகுதி: சக்தி 147 கிலோகலோரி, புரதம் 30 கிராம், கொழுப்பு 2 கிராம்
கால், தொடைப் பகுதி: சக்தி 173 கிலோகலோரி, புரதம் 28 கிராம், கொழுப்பு 6 கிராம்

வான்கோழி அதிகமாக நடக்கும் பறவை. அதன் கால் தசைகள் இடைவிடாது இயங்குவதால் ஒக்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் அங்கு மிகுதி. ஆகவே அவ்விறைச்சி கருமையாகத் தோன்றும். நெஞ்சுத் தசை குறுகிய பறப்பிற்கே பயன்படுவதால் வெண்மையாக இருக்கும். இவ்விரண்டையும் விடக் கூடிய கொழுப்பு தோலிலும் தோலின் கீழும் உள்ளது.

கவனிக்க: "அரைத்த வான்கோழி" என்றாலே கொழுப்புக் குறைவு என்று கொள்ளக்கூடாது. கருமையான இறைச்சியும் தோலும் சேர்த்து அரைக்கப்பட்டிருப்பின் கொழுப்பு உயரும். சுட்டியில் 85%, 93%, 99% எனக் குறிக்கப்படுவது கொழுப்பற்ற பகுதியின் நிறையாகும். 93% எனின் 100 கிராமில் 7 கிராம் கொழுப்பு உண்டு.

4. கணித்துப் பார்ப்போம்

நால்வருக்கு 400 கிராம் அரைத்த இறைச்சி எனக் கொள்வோம். கொழுப்பு 1 கிராம் 9 கிலோகலோரி தரும்.

(அ) மாட்டிறைச்சி (80% கொழுப்பற்றது):
மொத்தக் கொழுப்பு 80 கிராம். ஒருவருக்கு 20 கிராம். 20 × 9 = 180 கிலோகலோரி.

(ஆ) வான்கோழி (93% கொழுப்பற்றது):
மொத்தக் கொழுப்பு 28 கிராம். ஒருவருக்கு 7 கிராம். 7 × 9 = 63 கிலோகலோரி.

வேறுபாடு: ஒருவருக்கு 13 கிராம் கொழுப்பு, 117 கிலோகலோரி.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு உள்ளது. "இறைச்சி வரண்டு போகிறதே" என்று ஆளுக்கொரு மேசைக்கரண்டி எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால், இறைச்சியை மாற்றியதால் கிடைத்த குறைப்பு முழுவதும் இல்லாமற் போய்விடும். எஞ்சுவது நிரம்பிய கொழுப்பின் குறைவு மட்டுமே. எனவே இறைச்சியைத் தெரிவு செய்வதை விட, அதனை எண்ணெயின்றி ஈரமாக வைத்திருக்கும் முறையை அறிவது முக்கியமாகும்.

5. இறைச்சி ஏன் வரண்டு போகிறது?

தசைப் புரதங்கள் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் திரளத் தொடங்குகின்றன. வெப்பம் 65 – 70 பாகையைத் தாண்டும்போது நார்கள் இறுகச் சுருங்கி, தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. கொழுப்பு உள்ள இறைச்சியில் நீர் குறைந்தாலும் உருகிய கொழுப்பு வாயில் ஈரத்தன்மையைத் தரும். நெஞ்சிறைச்சியில் அவ்வாறு ஈடுசெய்ய எதுவும் இல்லை.

கால் இறைச்சியின் நிலை வேறு. அதில் கொலாஜன் எனும் இணைப்பிழையப் புரதம் கூடுதலாக உண்டு. நீருடன் மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேகும்போது அது ஜெலற்றினாக மாறி இறைச்சியை மென்மையாக்கும். ஆகவே நெஞ்சிறைச்சி விரைவான சமையலுக்கும், கால் இறைச்சி நீண்ட நேரச் சமையலுக்கும் ஏற்றவை.

6. ஈரத்தையும் சுவையையும் காக்கும் முறைகள்

(1) உப்பிடும் நேரம்: முழுத் துண்டங்களுக்குச் சமைப்பதற்கு 30 – 40 நிமிடத்திற்கு முன் உப்பைத் தடவி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். உப்பு தசைப் புரதத்தின் ஒரு பகுதியைக் கரைப்பதால் நீரைப் பற்றிவைக்கும் திறன் கூடும். அரைத்த இறைச்சிக்கு இது பொருந்தாது. அதனுடன் முன்கூட்டியே உப்பைப் பிசைந்தால் இறப்பர் போல இறுகிவிடும். இறைச்சி சிவந்த பின்னரே உப்பிட வேண்டும்.

(2) சிவக்க வறுத்தல்: அமினோ அமிலமும் வெல்லமும் உயர் வெப்பத்தில் தாக்கமுற்று மணத்தையும் பழுப்பு நிறத்தையும் தருவது மெயிலாட் தாக்கம் எனப்படும். இது ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் விரைவாக நிகழும். மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. எனவே இறைச்சியை ஒற்றி உலர்த்தி, தாச்சியில் நெருக்கமின்றிப் பரப்பி, 2 – 3 நிமிடங்கள் கிளறாது விடவும்.

(3) அடிப்பற்றைக் கரைத்தல்: தாச்சியின் அடியில் ஒட்டியுள்ள பழுப்புப் படையில் சிறிதளவு நீர் அல்லது தக்காளிச் சாறு விட்டுச் சுரண்டிக் கலக்கவும். எண்ணெய் சேர்க்காமலே குழம்பு கனத்த சுவை பெறும்.

(4) புளிப்பும் வாசனையும்: தேசிக்காய்ப் புளி, தக்காளி, உள்ளி, நற்சீரகம், மிளகு, கொத்தமல்லி இலை ஆகியன மிகச் சிறிதளவு சக்தியுடன் சுவை கூட்டும். புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்த்தால் உப்பைக் குறைத்தாலும் குறை தெரியாது.

(5) ஈரம் தரும் துணைப் பொருட்கள்: அவரை விதை, காளான், துருவிய கரட், வெங்காயம் என்பன நீரைப் பிடித்துவைக்கும், நார்ப்பொருளும் தரும்.

7. செய்முறை: வான்கோழி – சிவப்பு அவரைச் "சிலி" (நால்வருக்கு)

சிலி என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் தோன்றிய காரமான குழம்பு. இன்று வான்கோழியிலும் பரவலாகச் சமைக்கப்படுகிறது.

தேவையான பொருட்கள்:
அரைத்த வான்கோழி இறைச்சி (93%) – 400 கிராம்
எண்ணெய் – 2 தேக்கரண்டி
பெரிய வெங்காயம் – 1
குடைமிளகாய் – 1
உள்ளி – 3 பல்
தக்காளி – 400 கிராம்
அவித்த சிவப்பு அவரை விதை – 250 கிராம்
மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
நற்சீரகத்தூள் – 2 தேக்கரண்டி
உப்பு – முக்கால் தேக்கரண்டி
நீர் – 200 மில்லிலீற்றர்
தேசிக்காய்ப் புளி – 1 மேசைக்கரண்டி
கொத்தமல்லி இலை – சிறிதளவு

செய்முறை:
(அ) காய்களை வெட்டி வைக்கவும். (10 நிமிடம்)
(ஆ) தாச்சியை நன்கு சூடாக்கி 1 தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இறைச்சியைப் பரப்பவும். அடிப்பாகம் சிவந்த பின்னரே உடைத்துக் கிளறி, வேறு பாத்திரத்தில் எடுக்கவும். (7 நிமிடம்)
(இ) மீதி எண்ணெயில் வெங்காயம், குடைமிளகாய், உள்ளி என்பவற்றை வதக்கி, தூள் வகைகளைச் சேர்த்து அரை நிமிடம் கிளறவும். (5 நிமிடம்)
(ஈ) தக்காளியும் நீரும் விட்டு அடிப்பற்றைக் கரைக்கவும். இறைச்சி, அவரை, உப்பு சேர்த்து மெல்லிய சூட்டில் வேகவிடவும். (15 நிமிடம்)
(உ) இறக்கிய பின் தேசிக்காய்ப் புளியும் கொத்தமல்லி இலையும் சேர்க்கவும்.

ஒருவருக்கு அண்ணளவாக 290 கிலோகலோரியும் 25 கிராம் புரதமும் கிடைக்கும். சேர்த்த உப்பு ஒருவருக்கு 1 கிராம் அளவே. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பையே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கவனிக்க: (i) அமெரிக்கச் சமையற் குறிப்புகளில் வரும் "சிலித்தூள்" தனி மிளகாய்த்தூள் அன்று, நற்சீரகம், உள்ளி முதலியன கலந்த தூள். அங்கு குறிப்பிடும் அளவிலேயே எமது மிளகாய்த்தூளை இட்டால் உண்ண முடியாது. (ii) சிவப்பு அவரையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் நன்கு கொதிக்கவைத்து அவிக்க வேண்டும். அரைகுறையாக வெந்த விதையிலுள்ள லெக்ரின் எனும் பொருள் வாந்தி, வயிற்றோட்டம் என்பவற்றை உண்டாக்கும்.

நேரம் இன்னும் குறைவெனின், நெஞ்சிறைச்சியை 6 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, உப்பும் மிளகும் இட்டு, ஒரு பக்கத்திற்கு 2 – 3 நிமிடம் சுட்டெடுக்கலாம். தாச்சியின் அடிப்பற்றை நீரும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கரைத்து மேலே ஊற்றி, அவித்த போஞ்சியுடன் பரிமாறவும்.

8. பாதுகாப்பு

• வான்கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை அடைய வேண்டும். சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் அவ்வெப்பத்தில் அழியும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உணவு வெப்பமானியைப் பயன்படுத்துக. 74 பாகையைத் தாண்டி நெடுநேரம் சூட்டில் விட்டால் நெஞ்சிறைச்சி வரண்டுவிடும் என்பதால், பாதுகாப்பிற்கும் சுவைக்கும் அளவிடுவதே வழி.
• பச்சை இறைச்சியைக் குழாய்நீரில் கழுவுவதால் பற்றீரியா அழிவதில்லை. தெறிக்கும் நீரால் அவை ஏனைய பாத்திரங்களுக்குப் பரவும்.
• பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் வெவ்வேறு வெட்டுப்பலகைகள் தேவை.
• அரைத்த பச்சை இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் 1 – 2 நாட்களே வைக்கலாம். மீந்த உணவை 2 மணித்தியாலத்திற்குள் குளிரூட்டி, 3 – 4 நாட்களுக்குள் நன்கு சூடாக்கி உண்ண வேண்டும்.

9. செயன்முறைக்கான மாற்றீடு

வான்கோழி கிடைக்காதவிடத்துத் தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியை அரைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் கொழுப்புக் குறைந்ததாகையால் மேற்கூறிய முறைகளும் 74 பாகை விதியும் அப்படியே பொருந்தும். ஆனால் பதப்படுத்திய வான்கோழிச் சொசேச், "ஹாம்" போன்றவற்றை மாற்றீடாக எழுதாதீர்கள். அவற்றில் கொழுப்பு குறைவாக இருப்பினும் உப்பு மிகுதி. குருதி அமுக்கம் உள்ளவருக்கு அவை பொருந்தா.

10. பயிற்சி வினாக்கள்

(1) 85% கொழுப்பற்ற அரைத்த வான்கோழி 400 கிராமை நால்வர் பகிர்ந்தால், ஒருவர் பெறும் கொழுப்பையும் அதன் சக்தியையும் காண்க.
(2) நெஞ்சிறைச்சியை விரைவாகவும் கால் இறைச்சியை நீண்ட நேரமும் சமைப்பதற்கான காரணம் தருக.
(3) நீரிழிவு உள்ள தந்தையும் இரு பாடசாலைப் பிள்ளைகளும் தாயும் கொண்ட குடும்பத்திற்கு ஒரே சட்டியில் தயாரிக்கத்தக்க இராப்போசனமொன்றைத் திட்டமிடுக.

விடைக் குறிப்புகள்

(1) மொத்தக் கொழுப்பு 60 கிராம்; ஒருவருக்கு 15 கிராம்; 15 × 9 = 135 கிலோகலோரி. 93% இறைச்சியின் இரு மடங்கிலும் அதிகம் என ஒப்பிட்டு எழுதுவது நன்று.
(2) நெஞ்சில் கொழுப்பும் கொலாஜனும் குறைவு. நீண்ட நேரம் சமைத்தால் நீர் இழந்து வரளும். காலில் கொலாஜன் கூடுதல். அது ஜெலற்றினாக மாற நேரமும் நீரும் தேவை.
(3) உணவின் பெயரை மட்டும் எழுதாது, இறைச்சியின் வகை, எண்ணெயின் அளவு, சுவை கூட்டும் முறைகள், நார்ப்பொருள் தரும் உணவு என்பவற்றையும் எழுதுக. சோறு அல்லது பாண் பரிமாறின் தந்தையின் பங்கை அளந்து குறைத்து, மரக்கறியைக் கூட்டுக. பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்குத் தேவையான அளவைக் கொடுக்குக. சட்டி ஒன்றே, வேறுபடுவது பரிமாறும் அளவு மட்டுமே. இதனைத் தெளிவாகக் குறிப்பிடும் விடையே முழுமையான விடையாகும்.