பயோனெட்டில் '1907': அது பிறந்த வருஷம் இல்லை!

போன செமஸ்டரில் என் ரூம்மேட் செங்கல்பட்டு பக்கம் ஒரு காயலான் கடையில் நீளமான கத்தி ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தான். அது பயோனெட், அதாவது துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டும் கத்தி. பிடிக்குப் பக்கத்தில் '1907' என்று பார்த்ததும், "மச்சான், நூறு வருஷத்துக்கு மேல பழசுடா!" என்று குதித்தான். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளன்னு ஆக்கிட்டான். '1907' ஆழமாக இருந்ததால் தப்பித்தது. மற்ற சின்ன எழுத்தெல்லாம் போச்சு. அவன் எதை அழித்தான்னு பார்ப்போம்.

முதலில் வடிவம். நம்ம சதுரங்கப்பட்டினம் கடலில் 1782-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய காலத்தில், சிப்பாய்களின் பயோனெட்டுக்குப் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது. குழல் மேல் மாட்ட ஒரு உருளை, அதோடு முப்பட்டை அலகு, அவ்வளவுதான். கைப்பிடியோடு கத்தி மாதிரி இருந்தால் அநேகமாகப் பிற்காலத்தது.

அடுத்து அளவு. ஒரு ஸ்கேல் போதும். 1907 மாடலின் அலகு 17 அங்குலம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்தியாவில் செய்தவை பல சுமார் 12 அங்குலம்தான்.

மூணாவது முத்திரை. '1907' என்பது மாடலின் பெயர். பிரிட்டனில் செய்ததில் அதற்குக் கீழே மாதமும் வருஷமும் இருக்கும்: '5 17' என்றால் 1917 மே. பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், உதாரணமாக வில்கின்சன். பெருக்கல் குறி இருந்தால் அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளம். 'ஆர்எஃப்ஐ' என்றால் கொல்கத்தா அருகே உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி.

விலை இதை வைத்துத்தான்: தெளிவான முத்திரை, சொந்த உறை, தேய்க்காத அலகு. 1907 மாடலில் முதலில் வந்தவற்றுக்குக் காப்பில் வளைந்த கொக்கி உண்டு. 1913-ல் அதை நிறுத்தினார்கள். கொக்கி இருந்தால் விலை அதிகம், அதனால் போலியும் அதிகம். வெல்டிங் தடம் இருக்கான்னு மெக்கானிக்கல் பசங்க பாருங்க. இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீங்க, ஏலத்தில் விற்ற விலையைப் பாருங்க.

நம்ம ஊர் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். அதுக்காக உப்புத்தாள் வேண்டாம். மெல்லிய துணியில் தையல் மிஷின் ஆயில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறை ஈரம் இழுக்கும், தனியா வையுங்க.

கடைசியாக சட்டம். ஆயுத விதிகளின் பட்டியலில் பயோனெட் இருக்கு, வாங்கும் முன் போலீஸ் ஸ்டேஷனில் கேளுங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த வியாபாரத்துக்கு லைசென்ஸும் வேணும். கோட்டைப் பக்கம் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

என் ரூம்மேட்டின் பயோனெட் 1917-ஆ 1943-ஆ? சொல்ல வேண்டிய ரெண்டு எண் உப்புத்தாளோடு குப்பைக்குப் போச்சு. உங்க தாத்தா வீட்டுப் பரணில் ஒண்ணு இருந்தா, முதலில் போட்டோ எடுங்க. கை வைக்கிறது அப்புறம்.