போர்ப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

கேள்வி: வகுப்பில் போர்க்காலப் புகைப்படங்களைக் காட்டி வரலாறு நடத்தலாமா? பிஞ்சு மனசு பயந்துவிடும் என்கிறார்களே?
– ஓர் ஆசிரியை, திருவனந்தபுரம்

பதில்: தாராளமாகக் காட்டுங்கள் அம்மா. பிணங்களின் படத்தில் தொடங்க வேண்டாம், அவ்வளவுதான். வங்கதேசப் போரின் முடிவில், 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் எடுத்த படத்தை எடுங்கள். பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்திடுகிறார், பக்கத்தில் இந்தியத் தளபதி அரோரா. யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு, யார் இல்லை என்று கேளுங்கள். மடிந்த சிப்பாயும் அகதியும் அப்போதுதான் பேச்சுக்கு வருவார்கள்.

கேமரா இல்லாத காலத்துக்கும் உங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. 1741-இல் குளச்சலில் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை. அதில் தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு. அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.