தம்புராவுக்குள் இருக்கும் காந்தாரம்

தம்புராவோடு பாடினால் என் அந்தர காந்தாரம் அப்படியே சேர்கிறது. கீபோர்டோடு பாடினால் உரசுகிறது. என் காதில்தான் கோளாறா? – வாசகி, திருச்சி

உங்களுக்கு அருமையான காதம்மா! தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்தே, 5 மடங்கு அதிர்வெண்ணில் காந்தாரம் தானாக எழுகிறது. அதே ஸ்தாயியின் ஸட்ஜத்தோடு அதன் விகிதம் 5/4. ஸ்தாயி 1200 சென்ட் என்றால் இது 386. கீபோர்டோ ஸ்தாயியைப் 12 சம பங்காக வெட்டி 400-இல் நிறுத்துகிறது. அந்த 14 சென்ட்தான் உரசல்.

இன்னும் கூர்ந்து கேளுங்கள். 7-ஆவது மடங்கில் ஒரு நிஷாதம் ஒலிக்கும்: விகிதம் 7/4, அதாவது 969 சென்ட். கீபோர்டின் கைசிகி நிஷாதத்தைவிட 31 சென்ட் தாழ்வு. எந்தக் கட்டையிலும் கிடைக்காத இந்த 7/4-ஐத்தான் அமெரிக்காவின் பார்பர்ஷாப் என்னும் கூட்டிசைப் பாணிப் பாடகர்கள் நால்வராக நின்று தேடிப் பிடிக்கிறார்கள். கேட்கக் கேட்க அலுக்காது.

சாதகத்துக்குத் தம்புரா போதும். உங்கள் கீபோர்டில் ஒவ்வொரு சுரத்தையும் தனியே திருத்தும் வசதி இருந்தால், காந்தாரத்தை 14 சென்ட் இறக்கிப் பாருங்கள்.