துணி பிளைண்ட்ஸ் விற்பவர்களுக்கு: வெட்டும் முன்பே பேச வேண்டியவை

ரோமன் பிளைண்ட்ஸும் ரோலர் பிளைண்ட்ஸும் ஒரு ஜன்னலுக்கென்றே அளந்து வெட்டப்படுபவை. பிடிக்காத சேலையைப் போல மாற்றிக் கொடுக்க முடியாது. துணியின் இயல்பை வெட்டும் முன் சொன்னால் அது ஆலோசனை. மாட்டிய பிறகு சொன்னால் சாக்கு. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே இந்த வரிசையில் பேசிவிடுங்கள்.

1. தேவையைக் கேளுங்கள்

கேட்லாக்கைத் திறக்கும் முன், "இந்த ஜன்னலால் என்ன தொந்தரவு, மேடம்?" என்று கேளுங்கள். மாலை வெயிலா, எதிர்வீட்டுப் பார்வையா, பகல் தூக்கமா? மெல்லிய துணி பகலில் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் ஆள் அசைவது வெளியே தெரியும்.

பிளாக்அவுட் கேட்பவர் கும்மிருட்டை எதிர்பார்ப்பார். துணியின் வழியே வெளிச்சம் வராது, ஓரங்களில் வரும். ரோமனில் தையல் துளைகளும் புள்ளி புள்ளியாக மின்னும். "அறை நன்றாக மங்கும், முழு இருட்டாகாது" என்று சொல்லிவிடுங்கள்.

2. ஜன்னலின் முன் நின்று பேசுங்கள்

கிரில் எங்கே இருக்கிறது, கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தால், தொங்கும் துணி அதை மறிக்கும்.

ஃபிரேமுக்குள் மாட்டும் ரோலரில், இரு முனைகளிலும் உள்ள பிராக்கெட்டுகளுக்காகத் துணி ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் குறுகலாக இருக்கும். இருபுறமும் வெளிச்சக் கீற்று தெரியும். அது வேண்டாம் என்பவருக்கு, பக்கத்துக்கு 2 முதல் 3 அங்குலம் கூட்டிச் சுவரில் மாட்டலாம். ரோமனை மேலே ஏற்றினால் மடிப்புகளே 8 முதல் 12 அங்குலம் வரை அடைக்கும். காற்றும் காட்சியும் முழுதாக வேண்டுமென்றால் ஜன்னலுக்கு மேலே உயர்த்தி மாட்ட இடமிருக்கிறதா பாருங்கள்.

மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அகலத்தை அளக்க வேண்டும். கட்டுமானம் கோணலாக இருந்தால் டேப்பை அவரிடமே காட்டுங்கள்.

3. சாம்பிளை வெளிச்சத்தில் பிடியுங்கள்

கடை விளக்கில் பார்த்த நிறம் வெயிலில் வேறாகத் தெரியும். கைத்தறிப் பருத்தியிலும் லினனிலும் உள்ள நூல் திரட்சிகள், பின்னால் வெளிச்சம் பட்டதும் எடுப்பாகத் தெரியும். அது நெசவின் அழகு. ஆனால் அதை அழகாக ஏற்பவர்தான் அதை வாங்க வேண்டும். சாயம் ஒவ்வொரு தடவையும் சற்று மாறும் என்பதால், ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே ரோலில் எடுக்கச் சொல்லுங்கள்.

திரைத்துணியின் பன்னா (அகலம்) பெரும்பாலும் 54 அங்குலம். 6 அடி ஜன்னல் 72 அங்குலம். ஒட்டு போடாமல் முடியாது. நடுவில் ஒரே ஒட்டு வராமல் இருபக்கமும் சமமாகப் போடுவது பார்வைக்கு நல்லது. எங்கே கோடு வரும் என்று தாளில் வரைந்து காட்டுங்கள்.

4. துணி மாறும் என்று சொல்லுங்கள்

பருத்தியும் லினனும் காற்றின் ஈரத்தை வாங்கும். 6 அடி நீளம் ஒரு சதவீதம் மாறினாலே முக்கால் அங்குலம் வித்தியாசம். அடுத்தடுத்த ஜன்னல்களின் அடிவிளிம்பு ஐப்பசி மழையிலும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பவருக்குப் பாலியஸ்டர் பொருத்தம். மேற்கு வெயிலில் நிறம் மங்கும். லைனிங் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வாக்குவம் பிரஷ்ஷால் தூசியெடுப்பதே அன்றாடப் பராமரிப்பு என்பதையும் இப்போதே சொல்லுங்கள்.

5. எழுதிக் கொடுங்கள்

சதுர அடி விலை, சிறிய ஜன்னலுக்கும் வாங்கும் குறைந்தபட்சக் கட்டணம், லைனிங், ஃபிட்டிங் என எல்லாவற்றையும் ஜன்னல் வாரியாகக் கொட்டேஷனில் பிரித்து எழுதுங்கள். டெலிவரி நாள் எப்போதிலிருந்து கணக்கு என்பதையும் குறிப்பிடுங்கள். வெட்டிய பின் ரத்து கிடையாது என்று எழுதும் அதே தாளில், அளவோ துணியோ உங்கள் தரப்பில் தவறினால் உங்கள் செலவில் புதிதாகச் செய்து தருவதாகவும் எழுதுங்கள். இரண்டும் இருந்தால்தான் அது நியாயமான ஒப்பந்தம்.

6. மாட்டியதும் இயக்கிக் காட்டுங்கள்

ஏற்றி இறக்கி, அவர் கையாலும் செய்ய வையுங்கள். மிக முக்கியம், கயிறு. தொங்கும் கயிறும் செயினும் குழந்தையின் கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. செயினைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பையும், தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாத உயரத்தில் கயிறு சுற்றும் கொக்கியையும் பொருத்தாமல் வேலையை முடிக்காதீர்கள். குழந்தை உள்ள வீடு என்று முதலிலேயே தெரிந்தால் கயிறில்லாத வகையையே காட்டுங்கள். கட்டிலோ தொட்டிலோ ஜன்னலருகே வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னால் ஆள் பின்வாங்கிவிடுவாரோ என்று தயங்க வேண்டாம். சிலர் துணியை மாற்றுவார்கள், சிலர் மாட்டும் இடத்தை மாற்றுவார்கள், ஓரிருவர் வாங்காமலும் போகலாம். பொருந்தாத ஜன்னலுக்கு விற்றுவிட்டு மறுபடி தைத்துக் கொடுக்கும் செலவை நினைத்தால், அந்த ஓர் ஆர்டர் போவது பெரிய இழப்பல்ல.