கண்ணாடி இழைக்கு வயசாகுமா?

கேள்வி: வீட்டுக்கு ஃபைபர் இழுத்தாயிற்று. 10 வருஷத்தில் இதையும் பிடுங்கிப் போட வேண்டி வருமா?

பதில்: இழையைத் தொட வேண்டியிருக்காது. மாறப்போவது இரண்டு முனைகளிலும் இருக்கும் பெட்டிகள்தான்.

தெருவுக்கு வருவது ஒரே இழை. கம்பத்து டப்பாவுக்குள் இருக்கும் ஸ்ப்ளிட்டர் அதை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துவிடுகிறது. அதற்குக் கரண்டே வேண்டாம். இன்று பரவலாக உள்ள ஜிபான் முறையில், அத்தனை வீடுகளும் பங்கு போட்டுக்கொள்வது நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட். அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பானில் 10 ஜிகாபிட். ஏறவும் இறங்கவும் ஒரே வேகம். 50 ஜிகாபிட்டுக்கான தரநிலையும் 2021-இல் வந்துவிட்டது.

சாமர்த்தியம் இருப்பது நிறத்தில். பழைய முறையில் தகவல் 1490 நானோமீட்டர் ஒளியில் வீட்டுக்கு வருகிறது, புதியதில் 1577-இல். (இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, நிறம் என்பது ஒரு பேச்சுக்கு.) ஒரே இழையில் இரண்டும் மோதாமல் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் 10 ஜிகாபிட்டுக்குத் தாவினாலும், எதிர்வீட்டுப் பழைய பெட்டி அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

ஆனால் மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மினுக்கினால், பெரும்பாலும் ஏதோ லாரி உரசிக் கம்பி அறுந்திருக்கும். 50 ஜிகாபிட் வந்த பிறகும் அதைக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடத்தான் போகிறார்களா?