ஒப்பா என்றால் நானா

டிக்கோயாவில் இருந்தபடியே, கொரிய நாடகங்களைப் பார்த்து நான் சொற்களைக் கொப்பியில் சேர்க்கிறேன். தாய் 'ஒம்மா', நம் உம்மாவைப் போல. தந்தை 'அப்பா', வாப்பாவைப் போல. ஒரு பெண்ணுக்கு மூத்த சகோதரி 'ஒன்னி', நம் தாத்தா. மூத்த சகோதரன் 'ஒப்பா', நம் நானா.

காதல் நாடகங்களில், நாயகனைப் பெயரோடு 'ஷி' என்னும் மரியாதைச் சொல் சேர்த்தழைக்கும் நாயகி, பின்னர் 'ஒப்பா' என்றால் அன்பு மலர்ந்துவிட்டதென்று பொருள். அந்நியரை அப்படி அழைக்கக் கூடாது.

தடுக்கி விழுந்தவளிடம் நாயகன் 'குவென்ச்சானா?' என்பான்; 'ஒன்றுமில்லையே?' என்று அர்த்தம். பெரியவர்களிடம் 'குவென்ச்சானாயோ?' என்றே கேட்க வேண்டும். அந்த 'யோ', நம் 'வாங்க'விலுள்ள 'ங்க' போன்றது.

இலங்கையிலிருந்து தொழிலுக்காகக் கொரியா செல்வோர் பலர் மொழித் தேர்வில் சித்தியடைய வேண்டும். அங்கே மேலதிகாரியிடம் காதலர் பேச்சைப் பேசினால் மரியாதைக் குறைவு. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், யார் யாரிடம் சொன்னது என்றும் குறித்து வைக்கிறேன். தோழியரே, நீங்களும் குறியுங்கள்.